பெத்தாக்காவின் ஆட்காட்டி விரல்

"பம்பலப்பிட்டிய, கொல்லுப்பிட்டிய, கோல்ஃபேஸ், கொட்டுவ…"

பஸ் கொண்டக்டரின் ராகத்தில் பெத்தாக்கா வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தார். வலக்கை ஆட்காட்டி விரல், நொறுக்கிய ஐஸ் நிரம்பிய ஒரு பலூடா கிளாசுக்குள் அடிமூட்டு வரை இறங்கியிருந்தது. மனதுக்குள் ஓடும் பஸ் வெள்ளவத்தையில் தொடங்கி ஜிந்துப்பிட்டியில், தன் வீட்டு வாசலில் போய் நிற்கும் வரை விரலை வெளியே எடுக்கக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்ட சட்டம். மணிக்கூட்டைப் பார்த்தால் ஐஸ் கூடுதலாகக் கடிக்கும் என்பது அவர் கட்சி.

கடைக்காரர் ரிம்ஸானுக்கு இது முதல் நாளிலேயே பிடிக்கவில்லை.

"பெத்தாக்கா, இது மனிசர் பலூடா குடிக்கிற கிளாஸ். யாரும் பார்த்தா ஏவாரம் முடிஞ்சி."

"வெரலத்தானே வச்சிருக்கேன் ரிம்ஸான், காலயா வச்சேன்?"

மறுமுறை போனபோது வாய் உடைந்த ஒரு கிளாசை மேசையில் வைத்தார் ரிம்ஸான். "இது ஒங்கட. வேற யாருக்கும் குடுக்கவும் மாட்டன், ஐஸுக்கு சல்லி எடுக்கவும் மாட்டன். ஆனா அந்த மூலைல குந்துங்க. வாசல்ல வாணாம்."

எதிர்ப்புற மாடியில்தான் விஷ்ணுப்பிரியாவின் பிசியோதெரபி அறை. அங்கேயிருந்த குளிர்ப்பைகள் எல்லாம் முழங்காலுக்கும் தோளுக்கும் அளவானவை. ஒற்றை விரலைச் சுற்றிப் பிடிக்க ரிம்ஸானின் ஐஸ்தான் வசதி என்று அனுப்பியதே அந்தப் பிள்ளைதான். அனுப்பிவிட்டு சும்மா இருக்கமாட்டாள். படியிறங்கி வந்து, ஈரம் சொட்டும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"அன்ரி, எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலையோ போனனீங்கள்?"

"இல்லயே மிஸ். எல்லா ஹோல்ட்லயும் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் வந்தேன்."

"பொய். நீங்கள் கொள்ளுப்பிட்டியிலையே இறங்கீட்டியள். திரும்ப ஏறுங்கோ."

பெத்தாக்கா முனகியபடி விரலை மறுபடி ஐஸுக்குள் இறக்குவார். பக்கத்து மேசையில் மாம்பழ ஜூஸ் குடிப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

பெத்தாள் என்பது பதிவுப் பெயர். கிராண்ட்பாஸில் ஒரு தேயிலைக் கம்பெனியின் பொதியிடும் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. வரிசையாய் வந்து நிற்கும் பெட்டிகளைத் தராசுக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றையும் ஒரு சுண்டு சுண்டுவார். நிறைந்த பெட்டி "டொப்" என்னும். உள்ளே பைகள் குறைந்த பெட்டி கொஞ்சம் நீட்டி "டொம்" என்னும். தராசு பிறகு அதையேதான் சொல்லும். ஆனாலும் முதலில் தான் சொல்லிவிட வேண்டும் என்பதில் ஒரு பிடிவாதம். தராசு சில நாட்களில் அவரைத் தோற்கடிக்கும். அந்த நாட்களில் தராசோடு பேசமாட்டார்.

இந்தப் பழக்கம் கம்பெனி வாசலோடு நிற்பதில்லை. தேங்காய், பலாப்பழம், கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தாங்கி, பிளாஸ்டிக் வாளி, சுவர் எதுவும் தப்பாது. தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த கேக் பெட்டியைக்கூட அவர்கள் முன்னாலேயே சுண்டிப் பார்த்தார். புதிதாய் வந்த மனேஜர் தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கியபோது அதையும் சுண்டியதாகக் கம்பெனியில் ஒரு கதை உண்டு. கேட்டால் மறுக்கமாட்டார், "உள்ளுக்கு ஆள் இருக்கான்னு பாத்தேன்" என்பார்.

அப்படிச் சுண்டிச் சுண்டி உரமேறிய விரல் கெரம் பலகைக்கு வந்ததில் வியப்பில்லை. கம்பெனிகளுக்கிடையே வருடாவருடம் நடக்கும் சுற்றுப்போட்டியில் பெண்கள் ஒற்றையர் பிரிவில் தேயிலைக் கம்பெனியின் ஆள் பெத்தாக்காதான். அவர் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் பலகையின் நான்கு பக்கமும் மோதித் திரும்பிவரும்; நடுவில் அகப்பட்ட காய்கள் பயந்து குழிக்குள் விழுவதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். இறுதிப் போட்டிக்கு வருவார். இறுதிப் போட்டியில் தோற்பார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி: குழி வாயில் தன் கடைசிக் காய் நிற்கும், பெத்தாக்கா முழுப்பலத்தில் அடிப்பார், காய் விழும், அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழும். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் போட்ட காய் செல்லாது. எதிரில் இருப்பவர் வந்து மீதியை முடித்துவிட்டுப் போவார். இரண்டாம் இடத்துக் கோப்பைகள் அவர் வீட்டு டி.வி. மேல் உயர வரிசைப்படி நிற்கின்றன. எல்லாமே தகரம். சுண்டிப் பார்த்துத்தான் சொல்கிறார்.

இந்த ஐப்பசியோடு அவருக்கு அறுபது. ஓய்வு. கம்பெனியில் வேலை இல்லாதவர் கம்பெனிகளின் போட்டியில் ஆட முடியாது. ஆக, புரட்டாதியில் வரும் போட்டியே கடைசி. அதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் பஸ் மிதிபலகையில் ஏறியவரின் விரலில் முன்னால் ஏறிய யாரோ ஒருவரின் தோள்பைப் பட்டி சுற்றிக்கொண்டது. பஸ் எடுத்தது. பை ஒரு பக்கம் போக விரலும் அதோடு பக்கவாட்டில் போனது.

வீட்டுக்கு வந்து முதலில் விரலைப் பிடித்து ஒரு இழுப்பு. பிறகு நல்லெண்ணெயைச் சுடவைத்து அழுத்தித் தேய்ப்பு. பிறகு உப்பு மூட்டை ஒத்தடம். விடியும்போது விரல் நடுமூட்டில் கத்தரிக்காயாய் வீங்கிப் பளபளத்தது. படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், எலும்பு உடையவில்லை, மூட்டின் பக்க நார் கிழிபட்டிருக்கிறது என்று சொல்லி வெள்ளவத்தைக்கு அனுப்பிவைத்தார்.

"புதுக் காயத்துக்குச் சூடு வைக்கிறதும் தேய்க்கிறதும் எரியிற அடுப்புக்கு எண்ணெய் ஊத்திற மாதிரி அன்ரி" என்றாள் விஷ்ணுப்பிரியா. "முதல்லை குளிர். பிறகு கட்டு. சூடு நான் சொல்லேக்கைதான்."

கட்டு என்றது நீல நிறத்தில் ரிப்பன் மாதிரி ஒன்று. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். நகத்தடியிலிருந்து தொடங்கி, நுனியில் இறுக்கமாகவும் கீழே வரவரத் தளர்வாகவும் உள்ளங்கைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏன் மிஸ் நுனியில இருந்து சுத்துறீங்க?"

"வீக்கத்தை வீட்டுக்கு அனுப்பிறம். கீழையிருந்து சுத்தினா அது போக வழியில்லாமல் நுனியிலை போய்க் குந்திக்கொண்டிருக்கும்."

இந்த விளக்கம் பெத்தாக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது. கம்பெனியில் எல்லோருக்கும் சொன்னார். ஆனால் கம்பெனியில் அவருக்கு ஒரு பெரிய தொல்லை காத்திருந்தது. வலது விரல் நீலக் கட்டுக்குள் இருக்க, பெட்டிகளை இடக்கையால் சுண்ட வேண்டியிருந்தது. இடக்கைக்கு எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிக் கேட்டது. தராசு தினமும் ஜெயித்தது. "எடது கை பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டுச் சுண்டுவதையே நிறுத்திக்கொண்டார். பொதியிடும் பகுதி திடீரென்று அமைதியாகிப்போனதாக அங்குள்ள பெண்கள் சொல்கிறார்கள்.

வீக்கம் வடிந்து, மூட்டு விறைத்து நின்ற கட்டத்தில் விஷ்ணுப்பிரியா சூட்டுக்கு அனுமதி கொடுத்தாள். கிளினிக்கின் மூலையில் ஒரு மெழுகுத் தொட்டி இருந்தது. கையை முக்கி எடுக்க, உருகிய மெழுகு தோலில் படிந்து வெள்ளை உறையாய் இறுகியது. அதன் மேல் துவாய். பெத்தாக்கா கண்ணை மூடிக்கொண்டார். விரலுக்குள் யாரோ வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்ட மாதிரி இருந்ததாம். உறையைக் கழற்றியதும் விரல் கொஞ்சம் மடங்கியது. கழற்றிய மெழுகில் விரலின் ரேகை வரைக்கும் பதிந்திருந்தது. குப்பையில் போடப் போனவளைத் தடுத்து அந்த மெழுகு விரலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டியபோது அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மெழுகுதான் வினையாய் முடிந்தது.

வாரத்தில் இரண்டு தரம் வெள்ளவத்தைக்குப் போய்வருவது போதாது, நாள்தோறும் முக்கினால் சீக்கிரம் சரியாகும் என்று பெத்தாக்கா தீர்மானித்தார். மெழுகுக்கா பஞ்சம்? அடுத்த வீட்டு ஸ்ரான்லி, அந்தோனியார் கோயிலடியில் மெழுகுதிரி விற்பவர். உடைந்துபோய் விலைபோகாத திரிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

"காணாமப் போன சாமான எல்லாம் எங்க அந்தோனியார் கண்டுபிடிச்சுக் குடுப்பார் பெத்தாள். ஒன் வெரலயும் குடுப்பார்."

"முருகன்கிட்ட சொல்லிட்டுத்தான் ஒங்க ஆளுகிட்ட வர்றேன். ரெண்டு பேரும் சண்ட புடிச்சுக்காம இருந்தா சரி."

கிளினிக் மெழுகில் எண்ணெய் கலந்திருக்கும். இளஞ்சூட்டிலேயே உருகி நிற்கும். அதற்கு மேல் சூடேறாமல் தொட்டியே பார்த்துக்கொள்ளும். மெழுகுதிரி அப்படிப்பட்டதல்ல. பெத்தாக்கா அதை அலுமினியச் சட்டியில் போட்டு, திரிநூலை எல்லாம் கரண்டியால் பொறுக்கி, கண்ணாடிபோல் தெளியும் வரை கொதிக்கவிட்டு, ஸ்ரான்லி பார்த்துக்கொண்டிருக்கவே விரலை விட்டார்.

விட்ட வேகத்தில் எடுத்தார். குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஸ்ரான்லி சட்டியையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. விரல் நுனியிலும் மூட்டின் மேலும் இரண்டு கொப்புளங்கள் எழும்பி வந்தன.

விஷ்ணுப்பிரியா ஏசுவாள் என்றுதான் எதிர்பார்த்துப் போனார். அவள் ஏசாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தது கூடுதலாகச் சுட்டது.

"அன்ரி, உங்களுக்குப் போட்டி முக்கியமோ, விரல் முக்கியமோ?"

"போட்டிக்குத்தானே மிஸ் வெரலு."

அவள் மருந்துத் தட்டிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைப் பிய்த்து, சின்ன உருண்டையாக்கி மேசையில் வைத்தாள்.

"தோல் ஆறுமட்டும் மெழுகில்லை, ஐஸில்லை, கட்டுமில்லை. இதைச் சுண்டுங்கோ. புண் படாமல் நகத்தாலை. ஆனா சத்தம் வரக்கூடாது."

"சத்தம் வராமச் சுண்டுறதா? அதுக்குப் பேரு சுண்டுறதா?"

"சத்தம் வந்தா நார் நோகும். நொந்தா போட்டி இல்லை."

ஆயுள் முழுக்கச் சத்தத்துக்காகவே சுண்டியவர் சமையல்கட்டு மேசையில் பஞ்சோடு உட்கார்ந்தார். பலமாய் அடித்தால் பஞ்சு எகிறி, இருந்த இடத்திலேயே விழுந்தது. கோபம் வந்து இன்னும் பலமாய் அடித்தால் மூட்டு சுள்ளென்றது, பஞ்சு மூக்கில் ஒட்டியது. "இந்தச் சனியன் என்னய விட வீம்பு கூடுன கழுதை" என்று பஞ்சைத் திட்டினார். விரலைக் கிட்டக் கொண்டுபோய், ஏறக்குறைய தள்ளுவதுபோல் மெல்லத் திறந்து விட்டபோதுதான் அது மேசையின் மறு கரை வரை வழுக்கிக்கொண்டு போனது. பெத்தாக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் எடுத்துவந்து மறுபடியும் வைத்தார்.

பஞ்சுக்குப் பிறகு கச்சான் கடலைக் கோது. பிறகு சோடா மூடி. அதற்குள் தோல் ஆறி இளஞ்சிவப்பாகிவிட்டது. விஷ்ணுப்பிரியா சூட்டைத் திருப்பிக் கொடுத்தாள், இந்தத் தடவை வெறும் வெந்நீர். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு, ஒரு பாகையும் கூடாது. முதலில் வெந்நீர், பிறகு பயிற்சி, பயிற்சி முடிந்ததும் ரிம்ஸானின் வாய் உடைந்த கிளாஸ். பெத்தாக்கா இப்போது எக்ஸ்பிரஸில் ஏறவில்லை. ஆமர் வீதியில்கூட நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசியாக ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தபோது போட்டிக்கு ஒரு வாரமே இருந்தது.

போட்டி நடந்த மண்டபத்தில் ஏ.சி. சதையைத் துளைத்தது. காலையில் வெந்நீரில் இளக்கிக்கொண்டு வந்த விரலோடு அவர் கால் இறுதியையும் அரை இறுதியையும் தாண்டிவிட்டார். இறுதிப் போட்டியில் எதிரே உட்கார்ந்தது பஹ்மா. ஒரு வங்கியின் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும், கடந்த இரண்டு வருடமும் கோப்பை அவளுடையது. பெத்தாக்கா மேல் அவளுக்கு உண்மையிலேயே பிரியம். அதனால்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆன்ட்டி, வெரல் சொகமா? ஒங்கட ரெண்டாவது கப்ப இந்த முறையும் எடுத்து வெச்சிக்கிறாங்க, நான் பாத்தன்."

"அத இந்த வாட்டி நீ எடுத்துக்க மகள். ஒங்க ஊட்ல அது ஒண்ணு மட்டும் இல்லதானே."

முதல் ஆட்டம் பஹ்மாவுக்குப் போனது. ஏ.சி. குளிரில் மூட்டு விறைத்து, விரல் நினைத்த நேரத்தில் திறக்கவில்லை. இடைவேளையில் பெத்தாக்கா சுடச்சுட பிளேன்டி கேட்டார். வந்ததைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். ஆறியதும் இன்னொன்று கேட்டார். அதுவும் ஆறியது. தேநீர் பரிமாறிய பெண், "ஆன்ட்டி, சீனி போதாதா?" என்று கேட்டுவிட்டுச் சீனிக் கிண்ணத்தையே கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது ஆட்டத்தைப் பெத்தாக்கா எடுத்தார்.

ஆனால் அதற்குள் விரல் தடித்துவிட்டது. ஸ்ட்ரைக்கரின் விளிம்பே விரலுக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து விஷ்ணுப்பிரியா எழுந்து வந்தாள். அவள் வருவாள் என்று பெத்தாக்கா நினைக்கவேயில்லை. சோடாப் போத்தல்கள் அடுக்கிய ஐஸ் வாளியைப் பெத்தாக்கா கண்ணால் காட்டினார்.

"இப்ப ஐஸ் வேண்டாம். விரல் மரத்துப்போம், ஸ்ட்ரைக்கர் தெரியாது. அது பிறகு." கைப்பையிலிருந்து நீல ரிப்பன் வெளியே வந்தது. "நான் விளையாட வேண்டாம் எண்டு சொன்னா கேப்பீங்களோ?"

"மாட்டேன்."

"தெரியும். கையைத் தாங்கோ."

நகத்தடியிலிருந்து உள்ளங்கை வரை இறுக்கிச் சுற்றினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னாள். இடைவேளை முழுவதும் பெத்தாக்கா நீல விரலை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். நடுவர் ஓடிவந்தார்.

"என்ன மிஸிஸ், ஒப்ஜெக்ஷனா?"

"இல்ல சேர். வீக்கத்த வீட்டுக்கு அனுப்புறேன்."

மணி அடித்ததும் கட்டை அவிழ்த்தாள் விஷ்ணுப்பிரியா. விரல் சுருங்கி, ரிப்பனின் வரிகள் பதிந்து, பழைய அளவுக்கு வந்திருந்தது. எவ்வளவு நேரத்துக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஆட்டம் இழுத்தது. ஒருவர் ஏற மற்றவர் பிடித்தார். கடைசிப் பலகையில் சிவப்பும் போய்விட்டது. பஹ்மாவுக்கு ஒரே ஒரு கறுப்பு, அடித்தால் விழுகிற இடத்தில். பெத்தாக்காவுக்கு ஒரே ஒரு வெள்ளை, எதிர்மூலைக் குழியின் வாயில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. அடிக்கும் முறை அவருடையது. அதே காய், அதே குழி, அதே இறுதிப் போட்டி. தேயிலைக் கம்பெனி வரிசைக்குப் பின்னாலிருந்து ஸ்ரான்லி, "போடு பெத்தாள், ஒடைக்கிற மாதிரிப் போடு" என்றார்.

பெத்தாக்கா ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தார். விரலைப் பின்னால் இழுக்கவில்லை. கிட்டக் கொண்டுபோனார், ஸ்ட்ரைக்கரை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டே மெல்லத் திறந்துவிட்டார். சத்தமே கேட்கவில்லை. ஸ்ட்ரைக்கர் அவசரமில்லாமல் பலகையைக் குறுக்கே கடந்தது. போதாது, பாதியில் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பஹ்மா தன் கறுப்பை அடிக்கக் கையைக்கூட நீட்டிவிட்டாள். ஸ்ட்ரைக்கர் வெள்ளையைத் தொட்டது. வெள்ளை வலைக்குள் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் குழியின் விளிம்புக்கு வந்து, எட்டிப் பார்த்து, அங்கேயே நின்றது.

பஹ்மாதான் முதலில் எழுந்தாள். பலகையைச் சுற்றி வந்து கட்டிப்பிடித்தாள். "இத எங்க படிச்சீங்க ஆன்ட்டி?" என்று அவள் காதுக்குள் கேட்க, "பஞ்சுகிட்ட" என்றார் பெத்தாக்கா. அதற்குமேல் தேயிலைக் கம்பெனி அவரை விடவில்லை. பொதியிடும் பகுதிப் பெண்கள் மேசைகளைத் தட்டிய சத்தம் மண்டபத்துக்கு வெளியே பஸ் தரிப்பு வரை கேட்டதாம். ஸ்ரான்லி தன்னுடைய மெழுகுக்கும் இதில் பங்குண்டு என்று அருகில் நின்ற எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

கோப்பை கைக்கு வந்தது. டி.வி. மேல் நிற்கும் தகரங்களில் எதையும்விட உயரம். மேடையிலிருந்து இறங்கியபோது படிக்கட்டின் அடியில் விஷ்ணுப்பிரியா ஐஸ் நிரப்பிய கிளாசோடு நின்றாள். அந்த விரல் மறுபடி தடிக்கத் தொடங்கியிருந்தது அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

"இப்ப ஐஸ், அன்ரி. உடனை. ஒரு ஹோல்டும் விடாமல்."

பெத்தாக்கா கையைக் காட்டி அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். கோப்பையைக் காதருகே தூக்கிப் பிடித்து, தலையைச் சரித்து, வலக்கை ஆட்காட்டி விரலால் அதை ஒரு சுண்டு சுண்டினார்.